கண் கீழே இறங்கக்கூடாது

தீவு என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. மரம் இல்லை, புல் இல்லை, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரையிலிருந்து படகில் கால் மணி நேரம் போனால் கடலுக்குள் கறுப்பாக ஒரு பாறை. அதில் நாலு வீடு கட்டினால் ஐந்தாவது வீட்டுக்கு இடம் இருக்காது. உச்சியில் பறவைகள் எச்சமிட்டு எச்சமிட்டு வெள்ளையடித்து வைத்திருக்கும், அந்த நாற்றம் படகு நெருங்கும் முன்பே வந்து மூக்கில் குத்தும். கரையும் ஒன்றும் வா வா என்று கொஞ்சி அழைக்கிற கரை இல்லை. மணல் கிடையாது. காலைக் கிழிக்கிற கல், காற்றில் ஒரு பக்கமாகவே சாய்ந்து வளர்ந்த முட்புதர், அதற்குப் பின்னால் துறைமுகச் சுவர், ஐஸ் ஆலை, ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். அங்கே இருப்பவர்கள் அதைத் தீவு என்று சொல்ல மாட்டார்கள். கல்லு என்பார்கள். "இன்னிக்கு கல்லு எப்படி இருக்கு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், முன்கோபக்கார மாமனாரைப் பற்றி விசாரிப்பது போல.

சிப்பி மட்டும் இல்லையென்றால் அந்தக் கல்லை எவனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். கடல் நன்றாக வற்றுகிற நாட்களில், மாதத்துக்கு நாலோ ஐந்தோ நாள், பாறையின் வெளிப்பக்கம் ஒரு தட்டு வெளியே தெரியும். அதை ஒட்டிய சுவர் முழுக்க உள்ளங்கை அகலத்துக்குச் சிப்பி. இரண்டு மணி நேரம்தான் கெடு. அப்புறம் தண்ணீர் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும்.

கல்லுக்கு எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் கை, இன்னொருவர் கண். வேலைக்குப் பெயரே அதுதான். கை என்பவர் கீழ்த்தட்டில் பாறையைப் பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, இரும்புச் சுரண்டியால் சிப்பியைப் பெயர்த்துச் சாக்கில் போட வேண்டும். கண் என்பவர் மேல்தட்டில் நின்று கடலையே பார்க்க வேண்டும். சாதாரண அலைகள் கணுக்காலை நனைத்துவிட்டுப் போகும். எப்போதாவது ஒன்று மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வரும். அது தூரத்தில் தடிப்பாகத் தெரிந்ததுமே கண் "மேலே" என்று கத்த வேண்டும். கத்தியதும் கை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி நாலு எட்டு ஏறி மேல்தட்டுக்கு வந்துவிட வேண்டும். நிஜமா பொய்யா, பெரிசா சின்னதா என்று திரும்பிப் பார்க்கிற கை செத்த கை. கண்ணுக்கும் சட்டம் உண்டு. உட்காரக்கூடாது, தின்னக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது, என்ன ஆனாலும் கீழே இறங்கக்கூடாது. போனால் ஒரு உயிரோடு போகட்டும், இரண்டு வேண்டாம் என்று எந்தக் காலத்திலோ யாரோ மனசைக் கல்லாக்கிக்கொண்டு போட்ட சட்டம்.

பதினோரு வருஷம் அண்ணன் கை, தங்கை கண். அந்த ஜோடியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று துறைமுகத்தில் பேச்சு. தங்கைக்கு வயது முப்பத்து நாலு, கல்யாணத்தைப் பற்றி யாராவது வாயெடுத்தால் "எனக்குக் கடலைப் பாக்கவே நேரம் பத்தல" என்று அடைத்துவிடுவாள். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணன் போனான், திரும்பவில்லை. மூன்றாம் நாள் ஐஸ் ஆலைக்குப் பின்னால் ஒதுங்கினான். ஐஸ் ஆலையில் கட்டி உடைக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவிதான் போய் இடுப்பு பெல்ட்டை வைத்து அடையாளம் சொன்னாள். அன்று அண்ணி அழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே நாத்தனாரிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க நீ எதைப் பாத்துட்டு இருந்தே?"

தங்கை திரும்பி நடந்துவிட்டாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஆனால் ஒரே வீடு, போக்கிடம் கிடையாது. ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு வந்தது. அண்ணி பாத்திரத்தை வைக்க மாட்டாள், போடுவாள். சுவரைப் பார்த்துப் பேசுவாள்: "சில பேருக்கு எப்படித்தான் தூக்கம் வருதோ." தங்கை சும்மா இருக்கிற ரகமா? அவளும் சுவரைப் பார்த்து, "சில பேருக்கு வாய் மட்டும் ஓயவே ஓயாது போல" என்பாள். பாவம் அந்தச் சுவர், எட்டு மாசம் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டது. வெளியே வந்தால் அண்ணிக்குச் சுவர் தேவைப்படாது. குழாயடி, கடை, ஆலை வாசல் எல்லா இடத்திலும் சொன்னாள்: அவ பராக்கு பாத்தா, என் புருஷன் போயிட்டான். வரிசை வீடுகள் முழுக்க அதை நம்பின. தங்கையைக் கண்டால் கதவு சாத்துகிறவர்கள்கூட உண்டு.

பராக்குப் பார்த்தது என்னவோ உண்மை. அதைத் தங்கை யாரிடமும் மறுக்கவில்லை. அந்த நாளை நினைத்தால் அவள் நினைவு ஒரு இடம் வரைக்கும் போய் நின்றுவிடும். அதற்கு மேல் அதை நடக்கவிட அவளுக்குத் தைரியம் இல்லை.

இந்த லட்சணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கல்லுக்குப் போக வேண்டி வந்ததற்குக் காரணம் சீட்டு. துறைமுக ஆபீஸ் கொடுக்கிற கல்லுச் சீட்டில் இரண்டு பெயர் இருக்கும். அண்ணன் பெயரை அடித்துவிட்டு அண்ணி பெயரை எழுதியிருந்தார்கள். ஒரு சீசனில் ஒரு தடவையாவது இரண்டு பேரும் போய், முழுசாக ஒரு சாக்குச் சிப்பி கொண்டுவந்து துறைமுகக் கொட்டகையில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு அடுத்த ஜோடிக்குப் போய்விடும். சீட்டோடு வீடும் போய்விடும், ஏனென்றால் அந்த வரிசை வீடுகள் சீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான். சீசனில் கடல் வற்றுகிற கடைசி நாள் நெருங்கியது. அண்ணிக்குச் சுரண்டி பிடிக்கத் தெரியாது. பிடித்தால் ஓட்டை உடைப்பாள், சதை நாசமாகும். தங்கை சின்ன வயதிலேயே கரைக் கல்லில் சுரண்டிப் பழகியவள். அப்படியானால் அண்ணி கண், தங்கை கை. வேறு வழியே இல்லை.

விஷயம் தெரிந்ததும் வரிசை வீடுகளில் ஒரே குசுகுசுப்பு. புருஷனைக் கொன்றவள் என்று அண்ணி யாரைச் சொல்லிக்கொண்டிருந்தாளோ அவள், அண்ணியை நம்பிக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கப் போகிறாள். அண்ணி வாயைத் திறந்து ஒரு வார்த்தை கத்தாமல் இருந்தால் போதும். கத்தினேன், கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் யார் சாட்சி? தங்கைக்கும் இது தெரியும். ஆனாலும் வர மாட்டேன் என்று சொல்லி அவளிடம் தோற்பதா? அதற்குக் கடலில் போவதே மேல் என்று முடிவு கட்டினாள். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே தறியில் நெய்த துணி.

காலை எட்டு மணிக்குப் படகு கிளம்பியது. படகுக்காரரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள், அணைக்க முடியாது என்பதால். இரண்டு பெண்களுக்கும் தூரத்து மாமா முறை. அன்றைக்கு ரேடியோவே கரகரத்தது. அண்ணி முன்முனையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், தங்கை பின்னால் சாக்குகள் மேல். நடுவில் இருந்த மனுஷர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இன்ஜினோடு பேச ஆரம்பித்தார்.

"வெளிய எங்கயோ ஆட்டம் இருக்கு. காத்தே இல்லாம தண்ணி தூக்குது பாருங்க. ரெண்டு மணி நேரம்னு நம்பி நிக்காதீங்க, ஒண்ணரை மணி நேரத்துல முடிச்சிடுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, வேணாம்னா சொல்லுங்க, இப்பவே திருப்பிடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

"போங்க மாமா," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். ஒரே வார்த்தை வாயில் வந்துவிட்ட எரிச்சலில் ஆளுக்கொரு பக்கம் கடலை முறைத்தார்கள். ரேடியோ அதோடு அணைந்துவிட்டார்.

கரையைப் பார்த்த பக்கம்தான் ஏறுகிற இடம். படகு அங்கேயே காத்திருக்கும், அங்கிருந்து வெளித்தட்டு தெரியாது. கல்லில் கால் வைத்ததுமே பறவைகள் கிளம்பிவிட்டன. குஞ்சு பொரித்திருந்த காலம். ஒவ்வொன்றும் கத்திக்கொண்டே தலைக்கு நேராக இறங்கி, கடைசி நொடியில் விலகிப் போகும். ஒன்று அண்ணியின் தலைத்துணியைக் கொத்தி இழுத்தது. வழுக்குகிற பச்சைப் பாசி, அது இல்லாத இடத்தில் கத்தி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னச் சின்ன ஓடுகள். கையை வைத்தால் கிழிக்கும், வைக்காவிட்டால் விழ வேண்டியதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் போ போ என்று விரட்டுகிற இடம் அது.

மேல்தட்டுக்கு வந்ததும் தங்கை நிற்கிற இடத்தைக் கால் பெருவிரலால் காட்டினாள். பதினோரு வருஷம் அவள் நின்ற இடம். அண்ணி போய் நின்றாள், கடலைப் பார்த்தாள். தங்கை எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. ஒரு சாக்கையும் சுரண்டியையும் மேலே பத்திரமாக வைத்துவிட்டு, இன்னொரு ஜோடியை எடுத்துக்கொண்டு தங்கை நாலு எட்டு இறங்கி முதுகைத் திருப்பினாள்.

முதுகு என்று ஒன்று தனக்கு இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. எறும்பு ஊர்வது போல அது முழுக்கக் கூசியது. சுரண்டியை இடுக்கில் விட்டு நெம்பினாள். இரண்டாவது கொத்து. மூன்றாவது கொத்து.

"மேலே."

எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஏறினாள். முட்டியில் ஓடு கிழித்தது. மேலே நின்று பார்த்தால், சாதுவான ஒரு அலை வந்து கீழ்த்தட்டை நனைத்துவிட்டுப் போனது. தங்கை இறங்கினாள். சட்டம் சட்டம்தான், கத்தினால் ஏறித்தான் ஆக வேண்டும்.

"மேலே."

இந்த முறை அது கணுக்கால்கூட வரவில்லை. மறுபடி இறங்கினாள். மறுபடி "மேலே." ஏற, இறங்க, ஏற, இறங்க. ஒன்பது தடவை. முக்கால் மணி நேரம் போயிற்று, சாக்கில் கால்வாசிகூட இல்லை. இரண்டு முட்டியிலும் ரத்தம், அதில் உப்புத் தண்ணீர் பட்டு எரிகிற எரிச்சல். பத்தாவது தடவையும் வெறும் தண்ணீர் சலசலத்துவிட்டுப் போனதும் அவளுக்குப் பொறுமை அறுந்தது.

"அதெல்லாம் ஒரு அலையா?" என்று கேட்டாள். எட்டு மாசத்தில் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு.

அண்ணி திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "எது அலை எது அலையில்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னா எதுக்கு வந்தீங்க?"

"சீட்டுல பேரு இருக்கு, வந்தேன். நீ சாகணும்னு நினைச்சிருந்தா வாயை மூடிட்டு நின்னிருப்பேன். கத்தினாலும் குத்தமா?"

"வேணும்னே கத்துறீங்க. என்னை ஏற வெச்சு இறங்க வெச்சு வேடிக்கை பாக்குறீங்க."

"வேடிக்கை பாக்கிறதெல்லாம் உன் குடும்ப வேலை. எனக்கு அது வராது." அண்ணியின் கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தன. அழுகை இல்லை, இமைக்காமல் பார்த்துப் பார்த்து வந்த நீர். தங்கை அதைக் கவனித்தாள். கவனித்தும், சே, நடிக்கிறாள் என்றுதான் நினைத்தாள். "அன்னிக்கு இதே இடத்துல நின்னு நீ என்னத்தை வேடிக்கை பாத்தே? எட்டு மாசமாக் கேக்குறேன். மனுஷியா இருந்தா பதில் சொல்லு."

எத்தனை நாள் உள்ளே வைத்துத் தீட்டிய பதில் அது. தங்கை அதை எடுத்துச் சொருகினாள்.

"உங்களைத்தான்."

"என்ன?"

"உங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன். அதோ அந்தத் துறைமுகச் சுவத்து மேல ஏறி நின்னுட்டு மஞ்சத் துண்டை ஆட்டுனீங்களே. சிப்பி எடுக்கிற லாரி முன்னாடியே வந்துடுச்சு, சீக்கிரம் வாங்கன்னு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனீங்களே. என்னமோ ஏதோன்னு திரும்பிப் பாத்தேன். போதுமா? இப்பப் போய்க் குழாயடியில சொல்லுங்க."

அண்ணி முதல் முறையாகக் கடலிலிருந்து கண்ணை எடுத்தாள். தோளுக்கு மேலே திரும்பி, பாறையின் விளிம்பைத் தாண்டி, கரையைப் பார்த்தாள். அந்தச் சுவர் அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் நிற்கிற ஆளின் சட்டை நிறம்கூடத் தெரியும். அவள் முகத்தில் இருந்த கோபம் எல்லாம் எங்கேயோ வடிந்து, வாய் லேசாகத் திறந்துகொண்டது. தங்கைக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது. எட்டு மாசம் கரித்துக் கொட்டியவளை ஒரே வார்த்தையில் வாயடைத்தாயிற்று.

சொன்ன பிறகுதான், இவளையே நம்பிக் கடலுக்கு முதுகைக் காட்டி மறுபடி கீழே நிற்க வேண்டும் என்பது உறைத்தது.

போய்விடலாம். படகு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் சாக்கு முக்கால்வாசி காலி, சாக்கு நிறையாவிட்டால் முத்திரை இல்லை, முத்திரை இல்லாவிட்டால் வீடு இல்லை. அதைவிட முக்கியம், பயந்து ஓடினாள் என்று ஆகிவிடும். தங்கை இறங்கினாள். முதுகைத் திருப்பினாள். சுரண்டினாள்.

இப்போது மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கணுக்கால் வரை தண்ணீர் வந்தது, போனது. முழங்கால் வரை ஒன்று வந்தது. அதற்கும் குரல் இல்லை. சாக்கு பாதி நிறைந்தது. நிற்கிறாளா, உட்கார்ந்துவிட்டாளா, கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளா? நிமிர்ந்து பார்க்கக்கூடாது. சிப்பி கொத்துக் கொத்தாக வந்தது, காலையிலிருந்து வேலை இதுபோல ஓடவே இல்லை.

திடீரென்று காலடியில் இருந்த தண்ணீர் முழுக்க இறங்கியது. தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த பாசியெல்லாம் காற்றில் தொங்கியது. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிற கறுப்புப் பள்ளங்கள் பல்லைக் காட்டின. பதினோரு வருஷம் மேலே நின்று பார்த்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? கடல் இவ்வளவு பின்னால் போனால் எவ்வளவு முன்னால் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி.

குரல் வரவில்லை.

தானாகவே ஏறிவிடலாம். நேரம் இருந்தது. ஆனால் அவள் ஏறவில்லை. கூப்பிடட்டும், கூப்பிடாமல் நான் ஏறினால் அவள் ஜெயித்த மாதிரி என்று வீம்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த வீம்புக்கும் அடியில், இது எனக்கு வர வேண்டியதுதான் என்று எதுவோ அவள் காலைப் பிடித்துக்கொண்டது. சுரண்டியை இறுக்கிப் பிடித்தபடி கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மேலேயிருந்து சரசரவென்று யாரோ வழுக்கி இறங்குகிற சத்தம். அவள் பின்னலை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. கழுத்தே பிய்ந்துவிடுகிற மாதிரி ஒரு இழுப்பு. ஒரு எட்டு, இரண்டு எட்டு. மூன்றாவதில் கால் வைக்கும் முன் வெளிச்சம் மறைந்தது. அலை இருவரையும் பாறையோடு சேர்த்து அறைந்தது. மூக்கு, வாய், காது எல்லாம் உப்பு. இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. பின்னலைப் பிடித்த கை விடவில்லை, இன்னொரு கை பாறை இடுக்கைக் கவ்வியிருந்தது. தண்ணீர் வடிந்ததும் இரண்டு பேரும் தவழ்ந்து மேல்தட்டில் விழுந்தார்கள்.

சாக்கு போய்விட்டது. சுரண்டி போய்விட்டது. அண்ணியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து தொங்கியது. அவள் அதைத் தலைத்துணியால் சுற்றிக்கொண்டே இருமினாள். தங்கையும் இருமினாள். பறவைகள் மறுபடி இறங்கித் தலைக்கு மேல் கத்தின.

"கத்தியிருக்கலாமே," என்றாள் தங்கை, மூச்சு திரும்பியதும். நன்றி சொல்ல வாய் வந்தால்தானே.

"வாயைத் திறந்தேன். சத்தம் வரல. தொண்டை அடைச்சுக்கிச்சு."

"கண்ணு கீழ இறங்கக்கூடாது. அது சட்டம். ரெண்டு பேரும் போயிருப்போம்."

"அப்படி ஒரு சட்டம் இருக்கிறதே எனக்குத் தெரியாது. யாரு சொன்னா? நீ என்கிட்ட பேசினாத்தானே." அண்ணி துணியின் நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். "சத்தம் வரலேன்னா வேற என்ன பண்றது? நாலு எட்டுதானே. இறங்கிட்டேன்."

பெருமையாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு இல்லை, அடுத்த கடைக்குப் போனேன் என்பது போலச் சொன்னாள். தங்கைக்கு அதுதான் நெஞ்சில் போய்க் குத்தியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். எட்டு மாசம் தாங்கியவள்தானே. அந்த நாளின் நினைவு எந்த இடத்தில் போய் எப்போதும் நின்றுவிடுமோ, அந்த மஞ்சள் துண்டைத் தாண்டி இப்போது தானாக நடக்க ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை.

"அண்ணி," என்றாள். எட்டு மாசமாக வராத வார்த்தை.

அண்ணி பார்த்தாள்.

"துண்டைப் பாத்தது நிஜம். ஆனா உடனே திரும்பிட்டேன். நான் திரும்பினப்ப அலை தூரத்துலதான் இருந்தது. நல்ல தூரம். கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன், எனக்கும் சத்தம் வரல." அவள் குரல் இப்போதும் உடைந்துதான் வந்தது. "அண்ணன் கீழ முதுகைக் காட்டிட்டு சுரண்டிட்டு இருந்தாரு. நான் கூப்பிடுவேன்னு நம்பித்தானே நின்னாரு. எனக்கும் அதே நாலு எட்டுதான். இறங்கியிருந்தா முடியைப் பிடிச்சாவது இழுத்திருக்கலாம். இறங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு நின்னேன். அதுகூடப் பொய். சட்டமெல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பயம், அண்ணி. என் உயிர் மேல பயம். நின்ன இடத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தேன். அவரு போற வரைக்கும் பாத்தேன்."

அண்ணி அடிப்பாள் என்று தங்கை எதிர்பார்த்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அண்ணி அழுது தீர்ப்பாள் என்றும் நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை. அண்ணி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு எட்டுக்குக் கீழே தெரிந்த அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ரேடியோ "என்னம்மா ஆச்சு, ரெண்டு பேரும் இருக்கீங்களா?" என்று கத்துவது கேட்டது.

"இருக்கோம்," என்று அண்ணி பதிலுக்குக் கத்தினாள். இப்போது அவளுக்குக் குரல் வந்தது. பிறகு எழுந்து, மேலே வைத்திருந்த சாக்கையும் சுரண்டியையும் எடுத்து வந்து தங்கையின் முன்னால் போட்டாள்.

"தண்ணி ஏற இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"அரை மணி. அதுக்கும் கொஞ்சம் மேல."

"ஒரு சாக்கு ஆகுமா?"

"விடாம சுரண்டினா ஆகும்."

"அப்ப இறங்கு."

தங்கை எழுந்தாள். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் எட்டில் கால் வைத்தவள் நின்றாள்.

"பெருசா வந்தா கூப்பிடுவீங்களா அண்ணி?"

அண்ணி போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள். அவள் முகம் கடலின் பக்கம் திரும்பியிருந்தது.

"தெரியல," என்றாள். "நிஜமாவே தெரியல. நீ இறங்கு."

தங்கை இறங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கீழ்த்தட்டில் காலை ஊன்றி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, சுரண்டியைப் பாறை இடுக்கில் விட்டு நெம்ப ஆரம்பித்தாள்.